நின்றுகொண்டே காத்திருந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். தலையில் அடிபட்ட பிறகு பகல் தூக்கத்தை அடக்க முடியாமல் தவிப்பவர்களுக்காக அங்கே ஒரு டாக்டர் புதிய மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்கு வந்தவர்களில் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஒல்லியான மனிதர். நெற்றியில் நீளமான தழும்பு. தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். லோரி கவிழ்ந்து அடிபட்டதில் அந்த வேலையும் போய்விட்டது. பெஞ்சு காலியாக இருந்தாலும் சுவரோரம் நின்றுகொண்டேதான் இருப்பார்.

"உக்காருங்கண்ணே," என்றேன்.

"உக்காந்தா தூங்கிருவேன்லா மிஸ்ஸி."

மருந்து பலன் தரும் என்ற உறுதி இல்லை, வேண்டாமென்றால் எப்போதும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதைத் தமிழில் விளக்கினேன்.

"மருந்து எனக்குக் கேக்காட்டியும் பரவால்ல மிஸ்ஸி. இது வியாதின்னு என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் குடிச்சிட்டுத் தூங்குறேன்னு நெனைக்கிது."

அடுத்த முறை மனைவியை அழைத்து வந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியாம என்னென்னமோ திட்டிட்டேங்க. மன்னிச்சிருங்க," என்று கணவர் பக்கம் திரும்பினார்.

மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எப்போதோ தூங்கிப்போயிருந்தார்.

அந்த அம்மாள் எழுப்பவில்லை. சரிந்த தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார்.

மருந்து அவருக்குக் கேட்கவில்லை. சோதனை முடிந்த பிறகு அவர்கள் வரவும் இல்லை. அன்று அவர் கண் விழித்ததும் அந்த அம்மாள் மறுபடியும் மன்னிப்புக் கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.