சைட்காரில் ஒட்டிய செம்மஞ்சள் அட்டை

ஊரைவிட்டு வந்து பிளேஸ்டோவில் நாங்கள் குடியிருந்த காலத்தில் எங்களிடம் கார் இருக்கவில்லை. சைட்கார் பூட்டிய ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் இருந்தது. அதை ஓட்டியது நான். பக்கத்துப் பெட்டியில் மடியில் குடையோடு உட்கார்ந்திருப்பவர் என் கணவர். கார் லைசென்ஸ் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தவறியதில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

எனக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. காலால் மிதிக்கும் பிரேக்கை மெக்கானிக் கைக்கு மாற்றித் தந்தார். பக்கத்தில் மூன்றாவது சில்லு இருந்ததால் சிக்னலில் காலூன்ற வேண்டிய தேவையும் இல்லை. கோயிலுக்குப் போகும் நாட்களில் சேலைக்கு மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நான் வண்டியைத் திருப்பும்போது, பஸ்ஸின் மேல் தட்டிலிருந்து சிலர் கை காட்டுவார்கள். நானும் ஹோர்ன் அடிப்பேன்.

நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கவுன்சில் கொடுக்கும் செம்மஞ்சள் நிறப் பார்க்கிங் அட்டை எனக்கும் கிடைத்தது. காரின் முன்கண்ணாடிக்குள் வைப்பதற்கென்று செய்த அட்டை அது. மோட்டார் சைக்கிளில் எங்கே வைப்பது என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவள் என் கைத்தடியைப் பார்த்தாள், கக்கத்தில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். "இதுவரை ஒருவரும் கேட்டதில்லை" என்றாள்.

சனி, ஞாயிறில் பிரச்சினை இல்லை. நான் கடைக்குள் போனால், என் கணவர் சைட்காரில் இருந்தபடியே அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பார், பாஸ்போட் படத்துக்கு இருப்பவரைப் போல. அவர் கூட வராத வேலை நாட்களில்தான் வில்லங்கம். ரப்பர் பட்டியால் ஸ்பீடோமீட்டரோடு கட்டி வைத்தேன். மழையில் ஊறி மை கலங்கியது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் உள்ளே வேர்த்தது. கடைசியில் ஒருநாள் மீன் கடையால் வெளியே வந்தபோது அட்டையைக் காணவில்லை. ரப்பர் பட்டி தொங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அபராத டிக்கெட்.

புது அட்டை வரும் வரைக்கும் தள்ளியிருந்த ஒரு தெருவில் வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். வேலைக்குப் போய்ச் சேரும்போது கால் நெருப்பாக எரியும்.

என் வேலை செவன் கிங்ஸில், பொய்ப்பல் செய்யும் ஒரு சின்னக் கூடத்தில். பல் செட்டின் அடிப்பாகத்துக்கு நாங்கள் பயன்படுத்துவது ரோஸ் நிறத் தூள். ஒரு திரவத்தோடு குழைத்து இறுக விட்டால் கல்லு மாதிரி ஆகிவிடும். தண்ணீருக்கும் அசையாது, இழுவைக்கும் அசையாது. புது அட்டை வந்த கிழமையே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டு கண்ணாடிப் பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே அதை வைத்து, விளிம்பு முழுவதையும் அந்த ரோஸ் கலவையால் மூடினேன். சைப்பிரஸ்காரரான என் முதலாளி எட்டிப் பார்த்து, "இது யாருடைய வாய்?" என்று கேட்டார்.

அதைச் சைட்காரின் முன் தகட்டில் வைத்து ஒட்டினேன். முன்னால் நின்றால் அட்டையின் முகம் தெரியும், பின்னால் எட்டிப் பார்த்தால் என் படமும் பெயரும் தெரியும். ஒரு பார்க்கிங் வார்டன் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தன் பற்களைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். ஒரு தடவை யாரோ ஸ்க்ரூ டிரைவரால் கிண்டியிருந்தார்கள். மூலையில் ஒரு துண்டு பெயர்ந்ததோடு சரி.

என் கணவர் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனுக்கு, அவரைக் கூட்டிவர நான் போவதுண்டு. அங்கே அவரோடு வேலை செய்தவர் எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஊரில் கிளார்க்காக இருந்தவராம். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பின்னேரம் அவர் என் வண்டியைச் சுற்றி வந்து அட்டையைச் சுற்றியிருந்த ரோஸ் சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது தனி மோட்டச்சைக்கிளிலயும் பூட்ட ஏலுமோ?"

"ஏலும் அண்ணை. ஆருக்கு?"

"தெரிஞ்ச ஒரு ஆளுக்கு."

சொல்லிவிட்டு நடைபாதையிலிருந்து இறங்கினார். முதலில் வலது காலை வைத்தார், அதற்குப் பிறகுதான் இடதை இறக்கினார். நான் வாழ்நாள் முழுக்கக் கால்களைக் கவனித்தவள். இறங்கும்போது ஏலாத கால்தான் முன்னே போகும்; எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த கிழமை அவர் அட்டையைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது அவருடைய படம்தான். ஷெல் விழுந்ததில் வலது முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, இப்போது இருப்பது பொய்க்கால் என்று, வேறு யாருடையதோ கதையைச் சொல்வதைப் போலச் சொன்னார்.

"கடைக்குப் போகேக்க தேவைதான். ஆனா வேலையில ஒருத்தருக்கும் தெரியாது, தங்கச்சி. தெரிஞ்சா ஒரு மாதிரிப் பாப்பினம்."

"இவருக்கும் தெரியாதோ?"

"தெரியாது."

கழற்றி மாட்டும்படி செய்தால் களவு போகும். ஒட்டிவிட்டால் எல்லோருக்கும் தெரியும். யோசித்துவிட்டு, பல் செட்டில் போடும் கம்பியால் அவருடைய வண்டியின் பக்கக் கண்ணாடித் தண்டோடு சட்டத்தை இறுக்கிப் பிணைத்து, மேலே கறுப்புத் தோலில் பொத்தான் வைத்த ஒரு மூடி தைத்தேன். வேலையில் மூடிவிடலாம், வெளியில் திறந்துவிடலாம். அவர் அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

நானும் கணவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது என் கதை இல்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு பின்னேரம் வேலை முடிந்து என் கணவர் சைட்காரில் ஏறினார். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"அண்ணையின்ர மோட்டச்சைக்கிளில பார்க்கிங் அட்டை ஒண்டு தொங்குது. இண்டைக்கு மூட மறந்திட்டார் போல. உம்மட ரோஸ் கலர். உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மேல் தட்டில இருக்கிற பெட்டியளை நான் அவரைத்தானே ஏணியில ஏறி எடுக்கச் சொல்லுறனான். ஒரு நாளும் ஏலாது எண்டு அவர் சொன்னதில்லை."

நான் அவர் தோளில் கை வைத்தேன்.

மறுநாளிலிருந்து ஏணியில் இவரே ஏறினார். ஏன் என்று அண்ணை கேட்கவில்லை, இவர் காரணம் சொல்லவும் இல்லை. அப்படியே சில நாட்கள் போயின. ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில், "கால் உளையுது, கொஞ்சம் இருக்கப்போறன்" என்று அண்ணை சாதாரணமாகச் சொன்னாராம். இவர் தன் கதிரையைத் தள்ளிக் கொடுத்தாராம். அவ்வளவுதான் இரண்டு ஆண்களுக்கிடையில் அந்தப் பேச்சு.

அந்தக் கோடைகாலத்தில் விம்பிள்டன் கோயிலுக்கு அண்ணையும் எங்களோடு வந்தார், தன்னுடைய வண்டியில். தேம்ஸைத் தாண்டும்போது நல்ல வெயில். இவர் அர்ச்சனைத் தட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட்டுக்குள் இருந்து எனக்கு வழி சொல்லிக் கத்தினார். எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. சிக்னலில் அண்ணை எங்களுக்குப் பக்கத்தில் வந்து இடது காலை ஊன்றி நின்றார். தோல் மூடி திறந்து கிடந்தது. இவர் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்ட, "சாமிக்கு வைக்க முந்தியோ?" என்று அண்ணை சிரித்தார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹோர்ன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்ததையே நாங்கள் கவனித்தோம்.