பூஜ்யத்தின் பக்கத்தில் ஒரு வேப்பிலை

மார்த்தாளின் துணிப்பையில் மறுபக்கம் தெரியும்படியான ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் எப்போதும் இருக்கும். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளின் முன்னங்கையில் காசநோய் சோதனை ஊசி போட்டுவிட்டு ஒரு குழு போகும். மூன்றாம் நாள் மார்த்தாள் போவார். ஊசி போட்ட இடத்தை விரல் நுனியால் தடவி, தடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து, மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார். தடிப்பு பெரிதாக இருந்தால் உடம்புக்குள் காசநோய்க் கிருமி புகுந்திருக்கிறது என்று பொருள். தடிப்பு இல்லையென்றால் பூஜ்யம்.

பெருநகரில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் அவர் எழுதிய எண்ணை யாரும் திருத்தியதில்லை.

1979 தை மாதம் சாலவாக்கத்தில் எல்லம்மாளின் மகள் மலர்க்கொடியின் கையை அளந்தார். நான்கு வயது. தகப்பன் சின்னப்பையன் ஆறு மாதமாக இருமிக்கொண்டு காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர். குழந்தைக்குத் தினமும் மாலையில் காய்ச்சல்; விலா எலும்பை எண்ணிவிடலாம். கையோ வழவழவென்று இருந்தது. பூஜ்யம்.

“சளியும் பூச்சியும்தான். டானிக் குடுங்க” என்றார் சுகாதார நிலையத்து டாக்டர் பஞ்சாட்சரம். பூஜ்யம் என்றால் காசநோய் இல்லை. காசநோய் இல்லை என்றால் அந்த மாத்திரையும் இல்லை.

மார்த்தாளுக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் பஸ் பிடித்துத் திரும்பவும் போனார். குழந்தையின் காதுக்குப் பின்னால் தோல் தவிடுபோல் உதிர்ந்திருந்தது. கூரை இறவாணத்தில் காய்ந்த வேப்பங்கொத்து ஒன்று செருகியிருந்தது.

“எல்லம்மா, வூட்ல ஆத்தா வந்திருந்தாளா?”

எல்லம்மாள் முறத்தில் புடைப்பதை நிறுத்தவில்லை. “இன்னாக்கா கேக்கற? அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

தட்டம்மை கண்டால் அந்தப் பக்கத்தில் ஊசிக்காரர்களிடம் வாய் திறக்கமாட்டார்கள். மருந்து கொடுத்துவிட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள். மூன்று தண்ணீர் ஊற்றியதும் அவள் போய்விட்டாள். போனவளைப் பற்றி ஆஸ்பத்திரியில் பேசுவானேன்?

“நீ வேதக்காரி. ஒனக்கு ஆத்தாவப் பத்தி இன்னா தெரியும்?”

“எங்க வூட்டுக்கும் வந்தாடி. கோயிலுக்கு ஞாயித்துக்கிழம போறவங்கன்னு தெரிஞ்சிக்கினேதான் வந்தா. மூணு புள்ளைங்களையும் ஒரே வாரத்துல பாத்துட்டுப் போனா.”

எல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள். “மூணாந்தண்ணி ஊத்தி இருவது நாள் ஆவுது. டாக்டராண்ட சொல்லிடாதக்கா.”

“சொன்னாத்தான் புள்ள பொழைக்கும்.”

எல்லம்மாள் மகளைப் பார்த்தாள். ஈ உட்கார்ந்ததைக்கூட விரட்டாமல் அது படுத்திருந்தது. “அப்டின்னா சொல்லு” என்றாள்.

மறுநாள் டாக்டர் மேசைக்கு முன்னால் மார்த்தாள் நின்றார்.

“அளக்கறது உங்க வேலை. முடிவு பண்றது என் வேலை” என்றார் டாக்டர்.

“சரிங்க சார். நான் அளந்ததத்தான் பாக்கச் சொல்றேன்.” பதிவேட்டை விரித்து வைத்தார்.

“இது இன்னாம்மா, பூஜ்யத்துக்குப் பக்கத்துல கிறுக்கி வெச்சிருக்கீங்க?”

“கிறுக்கல் இல்ல சார். வேப்பிலை. அம்மைன்னு எழுதினா தாய்ங்க பயப்படுறாங்க. இலையப் போட்டா ஒண்ணும் சொல்றதில்ல.”

ஒன்றரை வருஷத்தில் ஒன்பது இலைகள். ஒன்பது பேருக்கும் அம்மைக்கு முன்னால் தடிப்பு இருந்தது: பதினான்கு, பதினேழு, பன்னிரண்டு என்று இப்படி. அம்மை கண்ட சில வாரங்களுக்குள் அளந்தபோது எல்லாம் பூஜ்யம். இரண்டு மாதம் கழித்து, யாரும் சொல்லாமல், மறுஊசி போடச்சொல்லி அளந்திருந்தார். ஒன்பது கையும் திரும்பத் தடித்திருந்தது; அதைப் பார்த்த பிறகுதான் பழைய பூஜ்யத்தின் பக்கத்தில் இலை போட்டிருந்தார்.

“இந்தப் புள்ளைக்குக் கிருமி இல்லன்னு கை சொல்லல சார். கையால இப்ப எதுவும் சொல்ல முடியல.”

டாக்டர் எழுந்து அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்தார். வெகுநேரம் புரட்டினார். தட்டம்மைக்குப் பின் இந்தச் சோதனை பொய்யாகலாம் என்று அதில் ஒரே ஒரு வரி இருந்தது.

“பரீட்சைக்குப் படிச்சேன்” என்றார் மெதுவாக. அன்றைக்கே மலர்க்கொடிக்குக் காசநோய் மாத்திரை எழுதினார். “ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே அளந்து சொல்லுங்க.”

கை தடிப்பது கிருமியின் வேலை அல்ல. கிருமியை அடையாளம் கண்டுகொண்ட நம் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து கூடுவதுதான் தடிப்பு. தட்டம்மை வைரஸ் அந்த அணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றைச் செயலற்றுப் போகவைக்கிறது. ஆபத்து வந்தால் உயிரணு சில மரபணுக்களைத் தூண்டி எச்சரிக்கைப் புரதங்களைச் செய்யும். வேறு சில வைரஸ்கள் தம் சொந்தப் புரதங்களாலேயே அந்த மரபணுக்களை அடக்கிவைப்பதை இப்போது ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். தட்டம்மை என்ன வழியில் செய்கிறது என்பது இன்னும் முழுதாகத் தெரியவில்லை. மார்த்தாளுக்கு இந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. எதிர்ப்புச் சக்தி எப்போது அடங்குகிறது, எப்போது திரும்புகிறது என்பதை மட்டும் மில்லிமீட்டரில் எழுதி வைத்திருந்தார். அந்தச் சுகாதார நிலையத்தில் நான் எழுத்தராக இருந்தேன். அவர் பதிவேட்டை வைத்து ஆங்கிலத்தில் அறிக்கை தட்டச்சு செய்தபோது, இலைக்கு என்ன சொல் போடுவது என்று எனக்குத் தெரியாமல், இலையையே பேனாவால் வரைந்து அனுப்பினேன்.

பங்குனிக் கடைசியில், மறுஊசி போட்ட மூன்றாம் நாள், மார்த்தாள் சாலவாக்கம் போனார். மலர்க்கொடியைப் பிடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தை மாதத்தில் கையை நீட்டியபடி கிடந்த குழந்தை, இப்போது உதைத்தது. மாலைக் காய்ச்சல் நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது.

விரல் நுனி தடிப்பின் ஓரத்தைத் தொட்டதும் மார்த்தாள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். அளவுகோலை வைத்தார்.

“பதினாறு!”

தெருவே திரும்பிப் பார்த்தது. “கை வீங்கிக்கீதுன்னு இப்டி சந்தோசப்படற பொம்பளய இங்கதான் பாக்கறேன்” என்றாள் எல்லம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“இன்னும் ஒருதபா சொல்றேன் கேளு. பதினாறு!”

“அரிக்குது, கைய வுடு” என்று மலர்க்கொடி கத்தினாள். மார்த்தாள் விடவில்லை. எண்ணை எழுதி, தை மாதத்துப் பூஜ்யத்தின் பக்கத்தில் பத்தாவது இலையை நிதானமாக, நரம்புகூட விடாமல் வரைந்து முடித்தபிறகுதான் விட்டார்.