நடுவட்டம் ரோட்டில் நின்ற கிளை

சேகரண்ணன் போய்விட்டார் என்று தொலைபேசியில் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்த வளைவுல?" என்பதுதான். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடும் பழனிதான் அழைத்திருந்தார். "வளைவுல இல்லீங்க, ஊட்டுலதான். டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தாராமுங்க. நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லி அப்படியே சாஞ்சுட்டாரு" என்றார். கேட்ட கேள்விக்காக எனக்கு வெட்கமாகிவிட்டது. செய்தி கேட்ட பாதிப் பேர் இதையேதான் கேட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் வழியில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் அவர் எலெக்ட்ரீஷியன், நான் இலையைத் தூளாக்கும் வேலையைக் கவனிக்கும் டீமேக்கர். பகலில் பறித்த இலையை வாடவிட்டு இருட்டிய பிறகுதான் அரைப்போம். ஆகவே எங்கள் இருவருடைய போக்குவரத்தும் பெரும்பாலும் இருட்டில்தான். இருவருக்கும் வீடு மேலே நடுவட்டத்தில். இருவரும் பைக்கில் இறங்குவோம். நான் இருபது நிமிடத்தில் இறங்கிவிடுவேன். அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று கடவுளுக்கே தெரியாது.

இதை எழுத உட்கார்ந்து நான்கு நாளாகிறது. நான்கு வரி எழுதுகிறேன், எழுந்துபோய் ஜன்னலருகே நிற்கிறேன், திரும்பி வந்து எழுதியதை அடித்துவிடுகிறேன். ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வண்டி பழுதாகி, ஒரு வாரம் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒரு வளைவில் காரணமே இல்லாமல் நிறுத்தினார். இறங்கி, செருப்பு முனையால் ரோட்டைத் தேய்த்து, விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "டீசலுங்க. டேங்க்கை நெறய நெப்பிட்டு எவனோ மேலே ஏறியிருக்கான், வளைவுல சிந்தியிருக்குது" என்றார். வண்டியின் பக்கவாட்டில் ஒரு பை தொங்கியது. தொழிற்சாலை அடுப்பில் அள்ளிய விறகுச் சாம்பல். அதை இரண்டு கை அள்ளித் தூவி, காலால் பரப்பிவிட்டார். எனக்கோ உள்ளே இலை காத்திருக்கிறது. "அண்ணா, நேரமாச்சுங்க" என்றேன். "விழுந்தா இன்னும் நேரமாகுமுங்க தம்பி" என்றார்.

அந்த வாரம் முழுக்க இப்படித்தான். கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே வந்தால் வேகத்தைப் பாதியாகக் குறைப்பார். உரிந்து விழுந்த பட்டை மழையில் ஊறினால் சோப்பு மாதிரி வழுக்கும், இருட்டில் தாரின் நிறத்திலேயே கிடக்கும் என்பார். வீடு கட்ட மண் தோண்டிய இடத்தைத் தாண்டும்போது, டிப்பர் டயரில் ஒட்டி வந்த செம்மண் எதுவரை இழுபட்டிருக்கிறது என்று பார்ப்பார். ஒருமுறை முன்னால் பளபளவென்று கறுப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டி, "புதுசா தார் போட்டிருக்காங்க போலங்க" என்றேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "இந்த ரோட்டுல புதுத் தாரு எப்பங்க போட்டாங்க? குழியில தண்ணி நெம்புனா லைட்டுக்கு அப்படித்தான் காட்டும். ரோடு திடீர்னு அழகாயிடுச்சுன்னா பயப்படணுமுங்க" என்றார்.

தொழிற்சாலையில் அவருக்கு 'ரோடு இன்ஸ்பெக்டர்' என்று பெயர். வைத்ததே நான்தான். அவருக்கு அது தெரியும், கோபப்பட்டதில்லை. எனக்குத்தான் அவர்மேல் எரிச்சல் வரும். மோட்டார் நின்று, அரைத்த இலை புளித்துக்கொண்டிருக்கும்போது, மனிதர் எங்கோ ஒரு குழிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். நான் வாசலுக்கும் மோட்டாருக்கும் நடந்து நடந்து செருப்பே தேய்ந்தது.

ரோடு உடைந்த இடத்தில் மரக்கிளையை ஒடித்து ஊன்றிவைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். அதேபோல, காற்று மழைக் காலத்தில் ரோட்டில் விழுந்துகிடக்கும் கிளையை இறங்கி ஓரமாக இழுத்துப் போடுவதும் எல்லோரும் செய்வதுதான். இரண்டும் நல்ல காரியம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது சேகரண்ணனின் முழங்கால்.

சில வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம். மூன்று நாளாகக் காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு ஏறிப்போன சேகரண்ணன், ஒரு சிறு பாலத்தின் ஓரம் அரித்துக் குழி விழுந்திருப்பதைப் பார்த்து, சில்வர் ஓக் கிளை ஒன்றை ஒடித்து அதில் ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார். எட்டு மணிக்கு நான் இறங்கினேன். வழியில் ஏற்கெனவே இரண்டு கிளைகளை இழுத்துப் போட்டிருந்தேன். மூன்றாவதாக இது. நுனியைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பலம் கொடுத்து மறுபடி இழுத்ததும் வந்தது. தேயிலைச் செடிகளுக்குள் வீசினேன். கிளை இருந்த இடம் ஹெட்லைட்டில் கறுப்பாக, வழவழப்பாகத் தெரிந்தது. காற்றில் விழுந்த கிளைக்கு இப்படிப் பிடிமானம் இருக்காதே என்று அப்போதே எனக்குப் பட்டது. ஆனால் நேரமாகிவிட்டிருந்தது. புண்ணியம் தேடிக்கொண்ட திருப்தியோடு வண்டியைக் கிளப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் இலையை உலர்த்தும் டிரையரின் மோட்டார் நின்றது. போன் செய்து அவரைக் கூப்பிட்டதும் நான்தான். தான் ஊன்றிய கிளை வரும், வந்ததும் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி வந்திருக்கிறார். கிளை வரவில்லை. குழிதான் வந்தது.

இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்று, "அண்ணா, அந்தக் கிளைய எடுத்தது நானுங்க" என்று சொல்லிவிட்டேன். அதுவரைக்கும் யோக்கியன்தான் நான். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. மோட்டாரில் எந்த ஒயர் கருகியது என்று விசாரிக்கிற அதே குரலில், "கிளை நின்னுச்சுங்களா, கெடந்துச்சுங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் அவர் மனைவி வசந்தா அக்கா நின்றிருந்தார். என் வாயில், "கெடந்துச்சுங்க" என்று வந்துவிட்டது.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நாந்தான் சரியா ஊனல. காத்துல சாஞ்சிருக்கும். உங்க மேல தப்பில்லீங்க தம்பி" என்றார்.

மூன்று மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து அவர் கிளை ஊன்றும் முறையே மாறிவிட்டது. அடியைக் குழியில் இறக்கி, சுற்றிலும் கல் அடுக்கி, இன்னொரு கல்லால் தட்டி இறுக்குவார். தையல்கடையில் வாங்கிய சிவப்பு வெட்டுத்துணியை உச்சியில் கட்டுவார். முடித்ததும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டிவைத்து, மழையில் குந்தியபடி இத்தனையும் செய்வார். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். "கொஞ்சம் கீழே அடியுங்க" என்பார். டார்ச்சைத் தாழ்த்துவேன். அதோடு சரி.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் தன் முழங்காலைக் காட்டிச் சொல்வார்: "நான் ஒருக்கா அசால்ட்டா ஊனிட்டுப் போயிட்டேனுங்க. அதுக்குக் கெடச்சது இது." போன வாரம் தொழிற்சாலை முற்றத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மேனேஜர் அதைத்தான் எடுத்துச் சொன்னார். தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட பெரிய மனுஷன் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வசந்தா அக்காவும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் நான்கு நாளாக என்னை உட்காரவிடவில்லை.

கூட்டம் முடிந்து மேலே ஏறும்போது, கடைசியாக அவர் ஊன்றிய கிளையைப் பார்த்தேன். இலை காய்ந்து சுருண்டிருந்தது, சிவப்புத் துணி நனைந்து தொங்கியது. இறங்கி இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை. அங்கேயே நின்று அழுதேன். பின்னால் வந்த ஜீப்காரர் கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, போங்க என்றேன்.

அந்தத் துணிகளில் கொஞ்சத்தை வசந்தா அக்காவிடம் கேட்டு வாங்கி என் வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது எனக்கும் கீழே போய்ச் சேர நாற்பது நிமிடமாகிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அவருடையதே அல்லாத ஒரு தப்பு மட்டும் அவர் பெயரில் இருக்கிறது. வசந்தா அக்காவிடம் நேற்று சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இனி அந்தக் கதையை யாரும் யாருக்கும் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று சேகரண்ணனை அறிந்த உங்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

கிளை நின்னுச்சுங்க அண்ணா. ரெண்டு தடவை இழுத்துத்தான் வந்துச்சு. நீங்க சரியாத்தான் ஊனியிருந்தீங்க.