டோரதி மிஸ்ஸின் கைகள்

டோரதி மிஸ்ஸின் கை சும்மா இருக்காது. ஆஸ்டின் டவுனில் அந்தச் சின்ன நர்சரிப் பள்ளியில் ஒன்பது வருஷமாக எல்.கே.ஜி. வகுப்பு அவளுடையது. எதிரே எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் கை தானாகப் போய் மூக்கைத் துடைக்கும், பட்டனைப் போடும், அவிழ்ந்த லேஸைக் கட்டும். அதனாலேயே தாய்மார்களுக்கு அவளைப் பிடிக்கும்.

தொண்ணூற்றெட்டில் வந்த புது ஹெட்மிஸ்ட்ரஸ் ஜோசஃபினுக்கு அது போதவில்லை. மாண்டிசோரி டிப்ளமா இல்லாதவர்கள் அடுத்த ஜூனிலிருந்து வகுப்பெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

"உன்ன வேலைய விட்டுப் போகச் சொல்லல டோரதி. டிப்ளமா இல்லன்னா ஆயாம்மாவா இருந்துக்கோ. ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ஆயாம்மா வேலை ஒன்றும் கேவலமில்லை, அது டோரதிக்கும் தெரியும். ஆனால் மிஸ் என்று கூப்பிட்ட அதே பிள்ளைகள் முன்னால் வாளியும் விளக்குமாறுமாகப் போய் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. டிப்ளமா வகுப்பில் சேர்ந்தாள்.

பள்ளி முடிந்த கையோடு பஸ் பிடித்து ஓடினால்தான் மாலை வகுப்பு கிடைக்கும். அங்கே பாடம் நடத்திய சுனிதா மேடத்துக்கு ஒரே ஒரு மந்திரம்தான். பிள்ளைக்கு ஒரு தடவை நிதானமாகச் செய்து காட்டு; அப்புறம் கையை எடுத்துவிடு. பிள்ளை தடுமாறினாலும் தொடாதே. எழுத்துப் பாடமெல்லாம் டோரதிக்கு வந்தது. இந்தத் தொடாமல் இருப்பதுதான் வரவில்லை. பயிற்சிக்குக் கூடப் படித்தவர்களே பிள்ளைகளாக நடிப்பார்கள். அவர்களிடம்கூட அவள் கை நீளும்.

"டோரதி, கை! மடியில வைங்க!"

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சுனிதா மேடம் தன் துப்பட்டாவால் அவள் கைகளைக் கட்டியே போட்டார். வகுப்பே சிரித்தது. டோரதியும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவென்று பார்த்தா மகள் நிக்கோலுக்குக் காய்ச்சல் வரவேண்டும்? ஈரத்துணி மாற்றி மாற்றியே பொழுது விடிந்தது. விடிந்ததும் குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்து, குழம்பு கொதிக்கவிட்டு, புருஷன் ரெமிஜியஸின் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சூப்பர்வைசர். ஊருக்கே பந்தி நடத்துகிற மனுஷன், வீட்டில் தன் தட்டைத் தானே எடுத்ததில்லை. நிக்கோலைப் பக்கத்து வீட்டு ஃபாத்திமாவிடம் விட்டுவிட்டு டோரதி தேர்வுக்கு வந்து சேர்ந்தபோது அவளிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

அவளுக்கு வந்தது பட்டன் சட்டம். மரச்சட்டத்தில் இரண்டு துணி, நடுவில் பெரிய பெரிய பட்டன்கள். எதிரே நாகேஷ் என்ற பொடியன். ஓரத்தில் வெளியிலிருந்து வந்த வயதான தேர்வாளர் அம்மா, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

டோரதி மெதுவாகப் பட்டன்களைப் போட்டுக் காட்டி, அவிழ்த்து, சட்டத்தைப் பையன் பக்கம் தள்ளினாள். கைகளை மடியில் வைத்தாள். வைத்ததும் அவை அங்கேயே கிடந்தன.

நாகேஷ் முதல் பட்டனைப் போட்டான். அடுத்தது பாதியில் சிக்கிக்கொண்டது. அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மிஸ், ஆக்தா இல்ல."

ஆகவில்லை என்று கன்னடத்தில் சொன்னான். வேறொரு நாளாக இருந்தால் அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள் போட்டு முடித்திருப்பாள். இன்றும் மனசு பதறத்தான் செய்தது. கைதான் எழும்பவில்லை. இமை வேறு சொக்கியது. பையன் உதட்டைப் பிதுக்கினான். அழப்போகிறான் என்றே நினைத்தாள். அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பட்டனை வெளியே இழுத்தான், திருப்பிப் பார்த்தான், மறுபடி நுழைத்தான். போய்விட்டது. அதற்கப்புறம் அவன் அவளைப் பார்க்கவேயில்லை. எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தான்.

தேர்வாளர் அம்மா பேனாவை மூடினார். "இவ்வளவு பொறுமையா உக்காந்த ஒருத்தர நான் பாத்ததே இல்ல. நீங்க பாஸ்மா."

அது பொறுமையில்லை, தெம்பில்லாததுதான் என்பது டோரதிக்குத்தான் தெரியும். வகுப்பு கைவிட்டுப் போகாது என்பது நிம்மதியாக இருந்தது. ஆனால் பஸ்ஸில் வரும்போது நாகேஷின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்பது வருஷமாக எத்தனை பிள்ளைகள் போட வேண்டிய பட்டனைத் தானே போட்டுவிட்டோம் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

வீட்டில் நிக்கோலுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஃபாத்திமா பருப்புச் சாதம் ஊட்டித் தூங்க வைத்திருந்தாள். டோரதி நாற்காலியில் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தாள். விழித்தபோது ரெமிஜியஸ் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு, பாஸா?"

"பாஸ்தாங்க."

"நல்லதாப் போச்சு. பசிக்குது, சோத்தப் போடு."

டோரதி எழுந்திருக்கவில்லை. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல."

அவள் வருவாள் என்று பார்த்துவிட்டு அவரே எழுந்து சமையலறைக்குள் போனார். ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது.

"டோரதி, தட்டு எங்க வெச்சிருக்க?"

கல்யாணமான நாளிலிருந்து அதே அலமாரியில்தான் இருக்கிறது. காலையில் அவளுக்குக் கையைத் தூக்கத் தெம்பில்லை. இப்போது, ஒரு தூக்கம் போட்டதில், கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்து மடியிலேயே வைத்துக்கொண்டு, அவர் தேடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.