வாசிக்க மட்டும் ஒருத்தி

பினாங்கு கரும்பு மில் பக்கம் இப்போது மரியத்துக்கு வாய் நீளம் என்று சொல்லாத ஆள் கிடையாது. சுத்தப் பொய். நான்கு வருஷம் ஞாயிறு தவறாமல் அவள் வாய் திறந்தது உண்மைதான். ஆனால் அதிலிருந்து வந்ததெல்லாம் வேறு யாரோ எழுதிய புத்தகம். சொந்தமாக ஒரு வார்த்தை பேச அந்தச் சபையில் அவளுக்கு இடம் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஒருத்தன் வரமாட்டான்.

சபை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு மதியம் கூடும் பதினோரு ஆண்கள், விரித்த பாய், ஒரு மரத்தொட்டி நிறைய நங்கோனா என்கிற வேர்ச்சாறு. கதைப் புத்தகமும் பக்திப் புத்தகமும் வாசல் தாண்டக் கூடாது. கரும்பு விலை, நிலச் சட்டம், காசநோய் என்று ஊரைப் பாதிக்கிற விஷயம் மட்டும்தான் படிப்பார்கள். இந்துவும் முஸ்லிமும் ஒரே பாயில் உட்கார்ந்து நாட்டு நியாயம் பேசினார்கள். பேசினார்கள் என்ன, அடித்துக்கொண்டார்கள்! ஒரு தடவை சபைக்காரன் கோவிந்தின் சட்டைப் பையே கிழிந்து தொங்கியது. அதற்குப் பிறகுதான் தலைவர் தேவேந்திரா ஒரு சட்டம் போட்டார். ரக்கிரக்கியில் தச்சுப்பட்டறை வைத்திருந்தவர் அவர். பிலோ யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம் என்றார். பிலோ என்பது நங்கோனா குடிக்கிற கொட்டாங்கச்சி. கையில் வாங்கியவர் அதைக் காலி செய்து திருப்பிக் கொடுக்கும்வரை மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

பெண்பிள்ளைக்குப் பிலோ கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆகவே மரியம் பேசக் கூடாது. ஆனால் புத்தகமெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் வாசிக்கலாம். தமிழிலும் இந்தியிலும் எடுத்துச் சொல்லலாம். பிறகு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, தான் சொன்னதையே பதினோரு பேர் தனக்கு விளக்குவதைக் கேட்கலாம். என்ன பெருந்தன்மை!

புருஷன் அப்துல் ரஷீத் இருந்தவரை அவனோடு வந்தாள். அவன் காய்ச்சலில் போன பிறகும் வந்தாள். மச்சினன் சாதிக் காவலுக்குக் கூட வந்தான். சாதிக் அவளை மதினி என்பான். சபை முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

ஐம்பத்தாறாம் வருஷம் அவளுடைய பத்து ஏக்கர் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்தது. அந்த நிலம் போனால் அவளுக்கு உட்கார இடமில்லை. அக்கம்பக்கத்தில் இன்னும் ஒன்பது பேருக்கு அதே கதி. திங்கட்கிழமை காலை லௌட்டோக்காவில் குத்தகை அதிகாரி புதுப்பிக்க மனு வாங்குகிறார் என்று செய்தி வந்தது. சபை ஒரே மனுவாக எழுதத் தீர்மானித்தது. ஆண்கள் சொல்லச் சொல்ல மரியமே இங்கிலீஷில் எழுதினாள். குத்தகைக்காரர் பட்டியல் மட்டும் தலைவர் கைப்பட எழுத வேண்டுமாம். ஞாயிறு நாலு மணி பஸ்ஸில் தேவேந்திரா கொண்டுபோவதாக ஏற்பாடு.

“வாசிச்சுக் காட்டு மதினி,” என்று தாளை நீட்டினார்.

வாசித்தாள். ஒன்பது பெயர் சரியாக இருந்தது. பத்தாவது, ஓடையோரம் பத்து ஏக்கர், சாதிக். மரியம் அந்த வரியில் விரலை வைத்தாள்.

“எங்க நெலத்துல சாதிக் பேரு எப்படி வந்துச்சு?”

சாதிக் தலையைச் சொறிந்தான். “வூட்டு ஆம்பள பேருதான மதினி போடுவாங்க? நெலம் எங்க ஓடிப்போவுது?”

“அடுத்த மாசம் நீ கல்யாணம் கட்டிக்கிறே. வர்றவ என்னை எந்த மூலையில வெப்பா?”

“நிறுத்து, நிறுத்து,” என்றார் தேவேந்திரா. “பேசணும்னா பிலோ கையில இருக்கணும். சட்டம் சட்டந்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக கோவிந்த் பிலோவைத் தொட்டியில் முக்கி, வழிய வழிய நீட்டினான். “இந்தா மதினி, அடி. அடிச்சிட்டுப் பேசு.” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தான் அந்த மடையன்.

மரியம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

“இப்ப பிலோ என் கையில. ஒருத்தர் வாயத் தொறக்கக் கூடாது. போன மாசம் சர்க்கார் அறிக்கை படிச்சேன். பயிர் வெக்கிறவங்க பேர்லதான் குத்தகை, ஆம்பள பொம்பளன்னு பேதம் இல்லன்னு போட்டிருந்துச்சு. நியாயம், நியாயம்னு எல்லாரும் மூணு தடவ கை தட்டினீங்களே, அது எந்த ஊரு பொம்பளைக்கு? மூணு வருஷமா வெட்டுற ஆளுங்களுக்குச் சோறாக்கிப் போட்டு, மில்லு ரயிலுக்குக் கரும்பு ஏத்தினது யாரு? கரும்பு ஏத்துற அன்னிக்கெல்லாம் சாதிக்குக்கு முதுகுவலி!”

சாதிக் பேச வாயெடுத்தான். பழக்க தோஷத்தில் தேவேந்திராவே “உஷ்!” என்றார். பிறகுதான் தன் சட்டம் தன் கழுத்தைப் பிடித்திருப்பது அவருக்கு உறைத்தது.

அவள் விடவில்லை. ஒவ்வொருவனாகப் பெயர் சொல்லி வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனைவி கரும்பு வெட்ட, நிழலில் உட்கார்ந்து உழைப்பாளி உரிமை பேசிய கோவிந்துக்குத் தனியாகக் கிடைத்தது. நங்கோனா கை வழியே சொட்டியது, தோள் கடுத்தது. அவளுக்குப் பயமும் இருந்தது. பஸ் போய்விட்டால் அவள் நிலமும்தான் போகும். ஆனால் சாதிக் பெயரோடு அந்தத் தாள் போவதைவிட அது மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேவேந்திரா எழுந்து கத்தினார். “சரி தாயே! ஒம் பேரையே போடறேன். குடிச்சுத் தொலை!”

“எழுதுங்க. பார்த்துட்டுக் குடிக்கிறேன்.”

அவர் சாதிக் பெயரை அடித்தார். பேனா அப்படியே நின்றது. கோவிந்தைப் பார்த்தார், அவன் உதட்டைப் பிதுக்கினான். மற்றவர்களைப் பார்த்தார்; பாயைப் பார்த்தார்கள். சாதிக்குக்குத் தெரியும். வேண்டுமென்றே வாயை இறுக மூடிக்கொண்டான்.

“ஒம் பேரு என்ன, மதினி?” என்றார் தேவேந்திரா மெதுவாக.

மரியத்தின் கண்ணில் நீர் முட்டியது. அதைக்கூட அவர்களுக்குக் காட்டப் பிடிக்கவில்லை அவளுக்கு.

“மரியம்,” என்றாள். “நாலு வருஷமா ஒங்களுக்குப் படிச்சவ பேரு மரியம். எழுதுங்க.”