கைய எடுங்க சார்

வெளியே பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பதினேழு வருடங்களாக என் வேலை. மேகத்துக்குள் போனால் உடம்பு பொய் சொல்லும், காது ஏமாறும், எதிரே இருக்கும் கருவியை நம்பு. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைவில்லை. சொல்லிச் சொல்லி, என் வாயிலிருந்து வரும் வார்த்தை எனக்கே கேட்காமல் போய்விட்டது.

அந்த மழைக்காலத்தில் நான் மிகவும் களைத்திருந்தேன். பயிற்சிப் பள்ளி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இருந்தது. எனக்கு அறை கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில், வீடு தெற்கே மலைமேல் வண்டிப்பெரியாரில். மனைவி அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்வருவதே ஒரு வேலையாகியிருந்தது. சளி வேறு பிடித்து, வலது காது இரண்டு வாரமாக அடைத்திருந்தது. மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டினால் பறக்கக் கூடாது என்பார், வகுப்புகள் நின்றுபோகும். காட்டவில்லை.

அன்று காலை என்னோடு பறந்தவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். கஞ்சிக்கோட்டில் ஒரு ஃபேக்டரியில் ஏழு வருடம் தரப் பரிசோதனை பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் விமானம் ஓட்ட வந்தவர். பேச்சு குறைவு. தலையில் ஹுட் மாட்டியிருந்தார். நெற்றியிலிருந்து முன்னால் நீளும் பிளாஸ்டிக் மறைப்பு அது. அதைப் போட்டவருக்குக் கருவிப் பலகை மட்டும் தெரியும், ஜன்னல் தெரியாது. அவருக்கும் சேர்த்து வெளியே பார்ப்பது பக்கத்தில் இருக்கும் என் பொறுப்பு.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேகம் வந்திருக்கிறது. நான் உணர்ந்தபோது நான்கு பக்கமும் வெள்ளை. அவருக்கு அது தெரியாது. ஹுட்டுக்குள் அவருடைய உலகம் மாறவே இல்லை.

விமானம் இடது பக்கம் சாய்வதாக எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பது சரியில்லை, சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. "இடது பக்கம் சாயுது, நேராக்குங்க" என்றேன்.

"நேராத்தானுங்க சார் இருக்குது" என்றார்.

"என் கைல விடுங்க" என்று நானே பிடித்து வலது பக்கம் திருப்பினேன். அப்போதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. நேராக இருப்பதாக உணர்ந்தேன்.

"சார், இப்பத்தானுங்க சாயுது. வலது பக்கம். உயரம் எறங்குதுங்க."

கருவியைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் அங்கே இருந்தது. பார்த்தும் என் கை கேட்கவில்லை. கருவி பழுதாகிவிட்டது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கீழே வாளையாறு மலைகள் எங்கேயோ இருந்தன.

"கைய எடுங்க சார்" என்றார் அவர். குரல் உயரவில்லை. நான் எடுத்துவிட்டேன்.

அவர் விமானத்தை நேராக்கினார், இழந்த உயரத்தை மீட்டார். "மேகத்துக்குள்ள இருக்கோம்மா. வந்த வழியே திரும்புங்க" என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்த அதே வேகத்தில், ஒரு நிமிடத்தில் அரை வட்டம் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்தது.

இறங்கி விமானத்தைக் கட்டிப்போட்ட பிறகு கேட்டார்: "ஏனுங்க சார், எனக்கு டெஸ்ட் வெச்சீங்களாங்க?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லம்மா. எனக்குத் தல சுத்திருச்சு. நீங்கதான் காப்பாத்துனீங்க."

அவர் ஹுட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "கைய எடுங்கன்னு சொன்னப்ப மேகம்னு எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா நானும் பயந்திருப்பனுங்க" என்றார்.

மதியமே நடந்ததை எழுதிக் கொடுத்தேன், காதை மறைத்ததையும் சேர்த்து. பரிசோதனையில் உள்காதில் கோளாறு இருப்பது தெரிந்தது. சளி போய்விட்டது, அது போகவில்லை. பறக்கும் தகுதி பறிபோனது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "எதுக்கு எளுதிக் குடுத்தீக? யாருக்குத் தெரியப்போவுது?"

"கூட இருந்த பிள்ளைக்குத் தெரியுமே."

"அவ சொல்லியிருக்க மாட்டா."

"அதான்" என்றேன். அவள் என் காதில் சொட்டு மருந்து விட்டுவிட்டு, டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்தப் பெண் பரீட்சையில் தேறி, இப்போது எங்கேயோ வடக்கே ஒரு சிறிய விமானத்தில் துணை விமானியாக இருக்கிறார். நான் அதே பள்ளியின் சிமுலேட்டர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். திரையில் நான் பொத்தானை அழுத்தினால் மேகம் வரும்.

நடந்ததை மாணவர்களுக்குச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு முறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது, நானே சுதாரித்துக் கையை எடுத்தது போல ஆகிவிட்டது கதை. எப்படி அப்படி ஆனது என்று எனக்கே தெரியவில்லை. அதோடு சொல்வதை நிறுத்திவிட்டேன்.