கையுறை போடாத ஆள்

இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை. யாருக்கு இது நடந்ததோ, அந்தக் கிறகரி இப்போதும் கனடாவின் லவால் நகரில்தான் இருக்கிறார். கேட்டால் சொல்வார். பனி கொட்டும் நாளில் மட்டும் கேட்காதீர்கள்.

2007 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. கிறகரியின் தகப்பன் மன்னாரில் இறந்து பன்னிரண்டு நாள். கனடாவில் அகதி வழக்கு முடியாததால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அழுகையும் வரவில்லை. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை. தேத்தண்ணி நாக்கைச் சுட்டாலும் தெரியவில்லை. இப்படியே விட்டால் ஆள் கைவிட்டுப் போய்விடுவான் என்று அக்காவின் புருசன் பத்திநாதர் பயந்தார். வடக்கே, வல்-டோரில், ஒரு சுரங்கச் சமையலறையில் வேலை பிடித்துக் கொடுத்துத் தன் பழைய வான் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மொன்றியலிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

பாதி வழியில் ரேடியேற்றர் குழாய் வெடித்தது. கராஜில் மாற்றி எடுக்க இரண்டரை மணித்தியாலம். காட்டுப் பாதைக்குள் நுழையும்போது 3.10. அதற்குப் பிறகு வீடு இல்லை, கடை இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

4.05. டப்...

பத்திநாதர் இறங்கி எஞ்சின் மூடியை, பொனற்றைத் திறந்தார். எஞ்சின் பெல்ட் அறுந்து நார்நாராய்க் கிடந்தது. வேறு பெல்ட் கைவசம் இல்லை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

4.20. நிமிர்ந்தால் பக்கத்தில் ஓர் ஆள். வாகனம் வந்த சத்தமே இல்லை. செம்மஞ்சள் ஜாக்கெட். கையுறை போடவில்லை. "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான். எஞ்சினுக்குள் வெறுங்கையை விட்டான். ஐந்து நிமிடம். பிறகு, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிச் சைகை காட்டினான்.

வான் ஸ்டார்ட் ஆனது.

நன்றிக்கு அவனையும் ஏற்றிக்கொண்டார்கள். பின் சீற்றில் இருந்தான். ஹீற்றர் சூடு பிடிக்கவேயில்லை. கிறகரி கண்ணாடியில் பார்த்தார். தங்கள் இருவர் வாயிலும் ஆவி பறந்தது.

அவன் வாயில் இல்லை.

கிறகரிக்குப் பயம் வரவில்லை. எதுவும் வரவில்லை.

4.52. ஏரி வளைவு. "இங்கே" என்று பிரெஞ்சில் சொன்னான். இறங்கினான். கதவைச் சாத்தவில்லை. ஏரிப் பக்கம் நடந்தான். திரும்பினான். கையை அசைத்தான்.

வா...

கிறகரியும் இறங்கினார். ஏன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. முழங்கால் வரை பனி. நடந்தார்.

"எங்கையடா போறாய்?"

"அந்தாள் கூப்பிடுது, அத்தான்."

"பனியைப் பார். உன்ர காலடி கிடக்கு. அவன்ர எங்கை?"

பார்த்தார்.

ஒரே ஒரு வரிசை.

அவருடையது.

பத்திநாதர் பிடரியில் பிடித்து இழுத்து வந்து வானுக்குள் தள்ளினார். கதவைப் பூட்டினார். அப்போதுதான் கிறகரிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது.

6.45. வல்-டோர் கராஜ். மெக்கானிக் பொனற்றைத் திறந்தார்.

பெல்ட் இல்லை. அறுந்த நார்தான் கிடந்தது. இதோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுவதே பெரிய காரியம் என்றார். இவர்கள் ஓடி வந்ததோ இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். எந்த இடத்தில் ஆளை இறக்கினீர்கள் என்று கேட்டார். பத்திநாதர் சொன்னார்.

மெக்கானிக் பொனற்றை மெதுவாக மூடினார். அந்தக் குளிர்காலத்தில் அதே வளைவிலிருந்து இரண்டு கார்களை அவர் இழுத்து வந்திருக்கிறாராம். இரண்டிலும் பெல்ட் இல்லை. இரண்டிலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

ஓட்டி வந்தவர்களைத்தான் இன்னும் தேடுகிறார்கள்...